கடல் சட்டத்தைக் கரையில் கேட்டுவிட்டு எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சட்டமன்றத்தில் பட்ஜெட் வாசித்த பிறகு துறைவாரியாக மானியக் கோரிக்கை விவாதம் நடக்கும். மீன்வளத்தைப் பெரும்பாலும் வேறு துறைகளோடு சேர்த்து ஒரே நாளில் முடித்துவிடுகிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அதற்கான நிவாரணம் 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக உயரும் என்று 2023-இல் மண்டபம் ஊரில் நடந்த மீனவர் மாநாட்டில்தான் முதல்வர் அறிவித்தார். சரி, அது நல்ல காரியம்.

ஆனால் கடல்பாசி எடுக்கும் எங்கள் பெண்களைப் பற்றி அவையில் எவ்வளவு நேரம் பேசுகிறார்கள்? விரல் விரலாகத் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி முங்கிப் பாறையிலிருந்து பாசியைப் பிய்க்கிறார்கள். துணியையும் தாண்டிக் கிழிக்கும். அந்தக் கையோடு மறுநாளும் இறங்குவார்கள்.

கூட்டத்தொடரின் கடைசி நாட்களில் மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் வரிசையாக நிறைவேறுவதைப் பார்த்தால் மனசு பதறுகிறது. யார் எங்கே மீன் பிடிக்கலாம் என்பதை 1983-ஆம் ஆண்டு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம்தான் இன்றும் தீர்மானிக்கிறது. அதில் கைவைக்கும் முன் வரைவை எளிய தமிழில் மீனவர் சங்கங்களுக்கு அனுப்புங்கள். எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்தின் 4 எம்.எல்.ஏ.க்களும் ஒருநாள் விடியற்காலை கரைக்கு வந்து கேட்டுவிட்டு, அப்புறம் அவையில் பேசட்டும்.

– நாட்டுப்படகு மீனவர், பாம்பன்