பழைய பெட்டிக்கு எந்த வெர்ஷன் கண்ட்ரோல்?

கொழிஞ்சாம்பாறை,
ஆடி முதல் வாரம்

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. மகள் கல்லூரியில் சேர்ந்ததில் ரொம்ப சந்தோஷம். இங்கே கணவாய்க் காற்று தொடங்கிவிட்டது. தென்னை மட்டை கம்பியில் விழுவதும் கரண்ட் போவதுமாக இருக்கிறது. உன் பழைய எக்ஸ்பி கம்ப்யூட்டரிலும் டாஸ் ஓடும் 486-இலும் வெர்ஷன் கண்ட்ரோலுக்கு, அதாவது புரோகிராமில் செய்யும் மாற்றங்களை வரலாறாகச் சேர்த்து வைக்க, எதைப் போடலாம் என்று கேட்டிருந்தாய். அதற்கும் இந்தக் கரண்ட் முக்கியம், அதனால்தான் சொல்கிறேன்.

விண்டோஸ் எக்ஸ்பி பெட்டிக்கு கிட் (Git) என்ற மென்பொருளைப் போடு. புதுப் பதிப்பு அதில் ஓடாது. 2016-இல் வந்த 2.10.0-தான் எக்ஸ்பிக்குக் கடைசி. சப்வெர்ஷன் என்ற இன்னொன்றும் ஓடும், ஆனால் வரலாறு முழுக்க ஒரே ரெபாசிடரியில், அதாவது ஒரே களஞ்சியத்தில், கிடக்கும். பெட்டி படுத்தால் எல்லாம் போச்சு. கிட்டில் ஒவ்வொரு நகலும் முழு வரலாறு. பழைய ஹார்ட் டிஸ்க்கை நம்பி வேலை செய்கிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

போட்டவுடன் இரண்டு அமைப்பை மாற்று. முதலாவது ‘கோர்.எஃப்சிங்க்ஆப்ஜெக்ட்ஃபைல்ஸ்’ (core.fsyncObjectFiles): இதை ட்ரூ ஆக்கு. இல்லையென்றால் கமிட் அடித்து மாற்றத்தைப் பதிந்த கையோடு கரண்ட் போகும்போது கோப்பின் பெயர் டிஸ்கில் பதிந்திருக்கும், உள்ளடக்கம் இன்னும் மெமரியிலேயே நின்றிருக்கும். திரும்ப பூட் ஆனதும் பூஜ்ய பைட் ஆப்ஜெக்ட்தான், அதாவது கிட்டின் வெற்றுச் சேமிப்புக் கோப்புதான், மிஞ்சும். கரண்ட் போய் வந்த நாளில் எதுவும் கெட்டிருக்கிறதா என்று பார்க்க ‘கிட் எஃப்எஸ்சிகே’ (git fsck) ஒருமுறை ஓட்டிவிடு. இரண்டாவது வரி முடிவுக் குறிகளைத் தானாக மாற்றும் ‘கோர்.ஆட்டோசிஆர்எல்எஃப்’ (core.autocrlf): இதை ஃபால்ஸ் ஆக்கு. டர்போ சி கோப்புகளில் திஸ்கி என்ற பழைய குறியேற்றத்தில் தமிழ்க் குறிப்பு வைத்திருப்பாய், பைட் மாறாமல் அப்படியே இருக்கட்டும். நோட்பேடில் சேமிக்கும்போது ‘யூனிகோட்’ என்பதைத் தேர்ந்தெடுக்காதே. அது யுடிஎஃப்-16. கிட் அதை பைனரி என்று எடுத்துக்கொள்ளும், டிஃப், அதாவது வரிக்கு வரி வித்தியாசம், காட்டாது. திஸ்கி கோப்பை ‘ஆன்சி’யாகவே சேமி, யூனிகோட் தமிழுக்கு யுடிஎஃப்-8 போதும்.

நேரே இணையத்துக்குத் தள்ளாதே. எக்ஸ்பிக்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தம் 2014 ஏப்ரலோடு நின்றுவிட்டது, அந்தப் பெட்டியில் இணையக் கணக்கைத் திறக்கும் டோக்கன், சாவி எதுவும் வேண்டாம். பென்டிரைவில் ஒரு ‘பேர்’ (bare) ரெபாசிடரி, அதாவது வேலைக் கோப்புகள் இல்லாமல் வரலாறு மட்டும் உள்ள களஞ்சியம், உண்டாக்கி அதற்குப் புஷ் செய்து அனுப்பு, புது மெஷினில் அங்கிருந்து எடுத்து மேலே அனுப்பு. டிரைவ் எழுத்து மாறிக்கொண்டே இருந்தால் ரிமோட், அதாவது கிட் அனுப்ப வேண்டிய இடம், கிடைக்காது. டிஸ்க் மேனேஜ்மென்டில் ஓர் எழுத்தை நிலையாகக் கொடுத்துவிடு. புது விண்டோஸில் கிட் ‘டூபியஸ் ஓனர்ஷிப்’ (உரிமையாளர் யாரென்று சந்தேகம்) என்று மறுக்கும். ஃபேட்32-இல் கோப்பு யாருடையது என்ற பதிவு கிடையாது, காரணம் அவ்வளவுதான். கிட்டின் ‘சேஃப்.டைரக்டரி’ (safe.directory) அமைப்பில் அந்தப் பாதையைச் சேர்த்தால் சரியாகிவிடும்.

486-இல் டாஸ் 6.22 இருக்கிறதே, அதில் கிட்டை நினைக்கவே வேண்டாம். ஆப்ஜெக்ட் கோப்பின் பெயரே 38 எழுத்து, டாஸில் 8.3-தான், அதாவது பெயருக்கு எட்டு எழுத்து, ஒட்டுக்கு மூன்று. அங்கே ஆர்சிஎஸ் (RCS) என்ற பழைய வெர்ஷன் கண்ட்ரோல். 1980-களின் தொடக்கத்தில் பர்டூ பல்கலைக்கழகத்தில் வால்டர் டிக்கி எழுதியது, அந்தப் பெட்டிக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. புரோகிராம் இருக்கும் இடத்திலேயே ‘ஆர்சிஎஸ்’ என்ற டைரக்டரி உண்டாக்கு. ஆர்சிஎஸ் வழக்கமாகச் சேர்க்கும் கமா-வி (,v) ஒட்டு டாஸில் செல்லாததால் அதே பெயரில் வரலாற்றுக் கோப்பு அதற்குள் உட்காரும். ‘சிஐ -எல்’ (ci -l) கொடுத்தால் பதிவாகும், கோப்பும் கையில் இருக்கும். கடைசிப் பதிப்பு முழுசாக, பழையவை வித்தியாசமாக, எல்லாம் வெறும் டெக்ஸ்ட். நாளைக்கு ஆர்சிஎஸ்ஸே கிடைக்காவிட்டாலும் எடிட்டரில் திறந்து உன் நிரலைப் படித்துக்கொள்ளலாம். எனக்கு அதன்மேல் பிடிப்பே இதனால்தான்.

பூட் ஆகும்போது ஓடும் ஆட்டோஎக்ஸெக் கோப்பில் லாக்நேம் (LOGNAME) என்று உன் பெயரை வை, இல்லாவிட்டால் நீ யார் என்று கேட்டு நின்றுவிடும். நேர மண்டலத்தைச் சொல்லும் டிஇசட்-டுக்கு (TZ) ‘ஐஎஸ்டி-5:30’ என்று கொடு. கழித்தல் குறிதான் சரி. கூட்டல் போட்டால் நேரம் 11 மணி தள்ளிப் பதிவாகும். டிஜேஜிபிபி (DJGPP) என்ற டாஸ் கம்பைலரில் தொகுத்த ஆர்சிஎஸ் கிடைத்தால் அது ஓட வேண்டிய சிடபிள்யூஎஸ்டிபிஎம்ஐ (CWSDPMI) கோப்பும் பாத்தில் இருக்க வேண்டும்.

முக்கியமாக, கடிகாரத்தை ஓடவைக்கும் சீமாஸ் பேட்டரியைப் பார். அது செத்தால் கடிகாரம் 1980-க்குப் போய்விடும். முந்தைய பதிப்பைவிடத் தேதி பின்தங்கியிருக்கிறது என்று சொல்லி ஆர்சிஎஸ் செக்கின்னை மறுத்துவிடும். மென்பொருள் கெட்டுவிட்டது என்று மறுபடி நிறுவிக்கொண்டிருக்காதே, டேட் கமாண்டில் தேதியைச் சரிசெய்தால் போதும்.

486-இன் போர்டில் பேட்டரி நாணய வடிவமா, பற்றவைத்த நீல உருளையா என்று எழுது. உருளையாக இருந்தால் அது கசிந்து செப்புத் தடங்களை அரிப்பதற்குள் கழற்றிவிடு.

அன்புடன்,
முருகேசன்