பர்சிலாவுக்கும் எண்பது வயது

பாளையங்கோட்டை

அன்புள்ள மகனுக்கு,

ஆண்டவருடைய கிருபையால் நான் நலம். நீயும் மருமகளும் பிள்ளைகளும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். போனில் பேசாமல் அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் இரண்டு வார்த்தை சொல்வதற்குள் “அதெல்லாம் இப்ப எதுக்கும்மா” என்று நீ பேச்சை மாற்றிவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். பொறுமையாக வாசி.

“மெல்போர்னுக்கே வந்துடுங்க, விசாவெல்லாம் நான் பாத்துக்கிடுதேன்” என்று நீ கேட்கும்போதெல்லாம் யோசித்துச் சொல்கிறேன் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். யோசித்துவிட்டேன். நான் வரவில்லை, எய்யா. எனக்குக் கோபமும் இல்லை, மருமகள் மேல் எள்ளளவு குறையும் இல்லை. இந்த வரியை அவளுக்கு நீயே வாசித்துக் காட்டு.

காரணம் வேதத்தில் 2 சாமுவேல் 19ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. தன் மகன் அப்சலோமுக்குப் பயந்து தாவீது ராஜா ஓடிப்போன நாளில், மகனாயீமில் அவனுக்கும் கூட இருந்தவர்களுக்கும் மெத்தை, பாத்திரம், கோதுமை, பயறு, தேன், வெண்ணெய், ஆடு என்று கொண்டுவந்து கொடுத்தவர்களில் கிலேயாத்து ஊர்ப் பெரியவர் பர்சிலாவும் ஒருவர். சண்டை முடிந்து ராஜா ஊர் திரும்பும்போது வழியனுப்ப யோர்தான் வரைக்கும் வருகிறார். “என்னோடு எருசலேமுக்கு வாரும், உம்மை அங்கே பராமரிப்பேன்” என்று ராஜா கூப்பிடுகிறான். அதற்கு அவர் சொல்லும் பதிலைக் கேள்: “இன்றைக்கு நான் எண்பது வயதுள்ளவன்.” நல்லது கெட்டது எனக்கு இனித் தெரியுமா, சாப்பிடுவது ருசிக்குமா, பாடுகிறவர்களின் சத்தம் காதில் விழுமா, உமக்கு நான் ஏன் பாரமாயிருக்க வேண்டும் என்கிறார். என் ஊரிலே, என் தாய் தகப்பன் கல்லறைப் பக்கத்திலே சாகவிடும் என்று கேட்டுக்கொள்கிறார்.

முன்பெல்லாம் இதை வாசிக்கும்போது பாவம் கிழவர் என்று கடந்துபோவேன். இப்போது எனக்கும் அதே எண்பது. அவர் புலம்பவில்லை என்பது இப்போதுதான் தெரிகிறது. ருசி போயிற்று, காது போயிற்று என்று கணக்கு ஒப்புவிப்பது மாதிரி சொல்கிறார், அவ்வளவுதான். ராஜா வீட்டுச் சாப்பாட்டையே வேண்டாம் என்று சொல்ல அவருக்கு ஒரு சுதந்தரம் இருந்தது. எனக்கு அது வேண்டும்.

இங்கே வீட்டுக்கு ஜெபிக்க வருகிறவர்கள், “எசேக்கியா ராஜாவுக்கு ஆயுசைக் கூட்டினவர் உங்களுக்கும் கூட்டித்தருவார்” என்று கையை வைத்து உரக்க ஜெபிக்கிறார்கள். அன்பினால் செய்கிறார்கள், நானும் ஆமென் சொல்கிறேன். ஆனால் ஐம்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் வேதபாடம் நடத்தினவளுக்கு அதோடு நிறுத்த முடிகிறதா? எசேக்கியாவுக்கு 15 வருஷம் கிடைத்தது, சரி. அந்த 15 வருஷத்தில்தான் பாபிலோனிலிருந்து வந்தவர்களுக்குப் பொக்கிஷசாலையைத் திறந்து காட்டிப் பெருமைப்பட்டான். அவனுக்குப் பின் ராஜாவாகிப் பொல்லாப்புச் செய்த மகன் மனாசேக்கு, பட்டத்துக்கு வரும்போது வயது 12. கணக்குப் போட்டுப் பார், அவன் பிறந்ததும் அந்த 15 வருஷத்தில்தான். ஆயுசு கூடினால் எல்லாம் கூடும் என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை.

பயமில்லையா என்று கேட்பாய். இருக்கிறது. ராத்திரி மூச்சு முட்டி எழுந்து உட்காரும்போது பயம் நன்றாகவே வருகிறது. விசுவாசி பயப்படக் கூடாது என்று ஒரு சகோதரி புத்தி சொன்னாள். கெத்செமனேயில் ஆண்டவரே “என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது” என்று சீஷர்களிடம் வாய்விட்டுச் சொன்னாரே, நான் எதற்கு நடிக்க வேண்டும்?

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த வயதில் எதை முதலில் செய்ய வேண்டும் என்று எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஆளுக்கொன்று சொல்வார்கள். வேதத்தை முழுசாக வாசித்து முடிப்பது, உபவாசம், காணிக்கை. எல்லாம் நல்லதுதான். எனக்கு என்னவோ அதற்கெல்லாம் முன்னால் ஒன்று இருப்பதாகத் தோன்றுகிறது. பர்சிலாவின் பெயர் இன்னும் ஓர் இடத்தில் வருகிறது, 1 இராஜாக்கள் 2ஆம் அதிகாரத்தில். தாவீது மரணப்படுக்கையில் சாலொமோனுக்குப் புத்தி சொல்கிறான். “நான் பூலோகத்தார் எல்லாரும் போகிறவழியே போகிறேன்” என்று எவ்வளவு அழகாக ஆரம்பிக்கிறான்! கர்த்தருடைய கட்டளைகளைக் கைக்கொள் என்கிறான். அடுத்த மூச்சில் தன் படைத்தலைவன் யோவாபின் நரைமயிர் சமாதானமாய்ப் பாதாளத்தில் இறங்க விடாதே என்கிறான். பர்சிலாவின் பிள்ளைகளுக்குத் தயவு செய், உன் பந்தியில் உட்காரவை என்கிறான். திரும்பவும், தன்னைச் சபித்த சீமேயியைச் சும்மா விடாதே என்கிறான். அந்தச் சீமேயிக்கு, உன்னைக் கொல்லமாட்டேன் என்று ஆணையிட்டுக் கொடுத்தவன் இவனேதான், பர்சிலாவை முத்தமிட்டு அனுப்பின அதே யோர்தான் பயணத்தில். தான் கொடுத்த வாக்கை மீறாமல் பகையை மட்டும் மகன் கையில் கொடுத்துவிட்டுப் போகிறான். ராஜ்யத்தைக் காப்பாற்ற அது தேவைப்பட்டது என்று பிரசங்கிகள் விளக்கம் சொல்வார்கள். இருக்கலாம். எனக்குக் காப்பாற்ற ராஜ்யம் இல்லை.

உனக்கு நான் ஒரு சீமேயியை விட்டுப்போகப் போவதில்லை. உங்க சித்தப்பாவைத்தான் சொல்கிறேன்.

உடன்குடிப் பக்கத்து விளை நிலத்து விஷயத்தில் பத்திரப்படி நியாயம் நம் பக்கம்தான். அப்பா அதை உறுதியாக நம்பித்தான் கேஸ் போட்டார், வக்கீலும் ஜெயித்துவிடலாம் என்றுதான் இன்றைக்கும் சொல்கிறார். சித்தப்பாவோ ஆச்சியைக் கடைசி வரை வைத்துப் பார்த்தவன் நான், அவள் வாயாலே எனக்குத் தந்தாள் என்கிறார். அவர் ஆச்சியைப் பார்த்துக்கொண்டதும் உண்மைதானே? இத்தனை வருஷமாக அசனப் பண்டிகையில் ஒரே பந்தியில் உட்காருவதில்லை, ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மற்றவர் போவதில்லை. “எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல” என்று தினம் இரண்டு வேளை சொல்கிற வாய் இது. அவர் வந்து மன்னிப்புக் கேட்கட்டும் என்று காத்திருந்தால் அதற்குள் இரண்டு பேரில் ஒருவர் போய்விடுவோம்.

மக்கள் நீதிமன்றமான லோக் அதாலத்தில் சமாதானமாக முடித்துக்கொள்ளலாம் என்று ஆள் விட்டுக் கேட்டேன், சம்மதித்தார். அவர் வீடு கட்டியிருக்கிற பாகமும் கிணறும் அவருக்கு. வடக்கே பனை நிற்கிற துண்டு நமக்கு. அங்கே முடிந்தால் அப்பீல் கிடையாது, கட்டின கோர்ட் பீஸும் திரும்பக் கிடைக்கும். உனக்கு இதில் நஷ்டம்தான், மறைக்கவில்லை. ஆனால் அப்பாவின் வாரிசுகள் என்று நீயும் அக்காளும் சம்மதிக்காமல் நான் மட்டும் கையெழுத்துப் போட முடியாது. அக்காள் சரி என்றுவிட்டாள். நீ அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் அக்காள் பேருக்கு ஒரு பவர் பத்திரம் சான்றொப்பம் வாங்கி அனுப்பு. மனமில்லாமல் அனுப்பாதே. இரண்டு நாள் ஜெபித்துவிட்டுச் செய். மனம் வரவே இல்லை என்றால் அதையும் எனக்கு எழுது.

மற்றதெல்லாம் சின்ன விஷயங்கள். வென்டிலேட்டர் வேண்டாம் என்று எழுதி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். அப்படி எழுதிவைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்புச் சொன்னது, 2023இல் அந்த முறையை எளிதாக்கிவிட்டது. உயிரை எடுப்பது வேறு, போகிற உயிரை மறிக்காமலிருப்பது வேறு. கண்ணை அரவிந்த் ஆஸ்பத்திரிக்குக் கொடுக்க வேண்டும், ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்பதால் அக்காளுக்குச் சொல்லியிருக்கிறேன். உயிர்த்தெழும்போது கண்ணுக்கு என்ன செய்வீர்கள் என்று ஒருத்தி கேட்டாள். மண்ணிலிருந்து ஆதாமை உண்டாக்கினவருக்கு அது ஒரு பெரிய காரியமா? உனக்காக நாள்கணக்கில் ஃப்ரீசர் பெட்டியில் என்னை வைத்திருக்க வேண்டாம். வர முடிந்தால் வா, முடியாவிட்டால் அடக்கம் நடக்கட்டும். பிறகு வந்து அக்காளோடு பத்து நாள் இரு. அதுதான் அவளுக்கு உதவும்.

கிரானைட் வேண்டாம். அப்பாவின் கல்லிலேயே என் பெயருக்கும் இடம் விட்டிருக்கிறது. டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் தனக்குக் கல்லே வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். பிள்ளைகள் அங்கே பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்து அதில் தாய் என்று பொருள்படும் ஒரே ஒரு சொல்லை மட்டும் பொறித்தார்கள். 1931இல் கீழே விழுந்தவர், 1951இல் 83 வயதில் இறக்கும் வரைக்கும் பெரும்பாலும் அந்த ஒரே அறையில் படுக்கையில்தான். அத்தனை பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தவரை மற்றவர்கள் தூக்கிப் படுக்கவைக்க வேண்டியதாயிற்று. பேதுருவுக்கு ஆண்டவர் சொன்னாரே, முதிர்வயதில் நீ கைகளை நீட்டுவாய், வேறொருவன் உன் அரையைக் கட்டுவான் என்று. இதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. வேலைக்கு வரும் பிள்ளை என்னைக் குளிப்பாட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் அவளிடம் இரண்டு வார்த்தை பேசப் பழகிக்கொண்டிருக்கிறேன். ஜெபத்தைவிட இதற்குத்தான் இப்போது அதிகப் பிரயாசம் வேண்டியிருக்கிறது.

பர்சிலா வரமாட்டேன் என்பதோடு நிறுத்தவில்லை. தன் இடத்தில் கிம்காம் என்பவனை முன்னால் விட்டு, “உம்முடைய பார்வைக்கு நலமானபடி அவனுக்குச் செய்யும்” என்றார். நானும் கேட்கிறேன். அக்காள் மகள் நர்சிங் முடித்துவிட்டு உங்கள் ஊரிலேயே மேற்படிப்புக்கு விண்ணப்பித்திருக்கிறாள். உன்னிடம் கேட்க அவளுக்கும் கூச்சம், அவள் அம்மாவுக்கும் கூச்சம். தாய்மாமன் நீ இருக்கும்போது அவள் ஏன் ஹாஸ்டல் தேட வேண்டும்? எனக்கென்று ஒதுக்கியிருக்கும் அறையை அவளுக்குக் கொடு, எனக்கு எடுக்க நினைத்த டிக்கெட்டை அவளுக்கு எடு. முதலில் மருமகளைக் கேள். அவள் சரி என்றால் நீயே அக்காளுக்குப் போன் பண்ணிச் சொல். நான் சொன்னேன் என்று மட்டும் சொல்லாதே.

பிள்ளைகளுக்கு என் முத்தம்.

உன் அம்மா