பறவை அலகுப் பூவைக் காட்டியவர்களுக்கு

சனிக்கிழமை நடைக்கு வந்த எல்லோருக்கும் வணக்கம்.

மே மாதம் தொடங்கிய நடை போன வாரத்தோடு முடிந்தது. கலிஃபோர்னியாவின் தென்கோடியில், மெக்சிகோ எல்லையை ஒட்டிய டிஹுவானா கழிமுகத்தில் ஒரு பூவைப் பார்க்கத்தான் இத்தனை பேர் இத்தனை வாரம் வந்தீர்கள். பூ பாதி மூடிய குருவி அலகு போல இருக்கும், அதனால் பறவை அலகு என்றே இங்கு பெயர். 1978 முதல் அமெரிக்க அரசின் அழிவாபத்துப் பட்டியலில் இருக்கிறது.

முதல் நன்றி எதிர்வீட்டு ஆசிரியை அம்மாவுக்கு. இது பாதி ஒட்டுண்ணி என்று அவர் சொன்னதும், "எங்கள் ஊரில் புல்லுருவி என்று மனிதர்களைத் திட்டுவோம்" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. பாதையோரம் என்னை மண்டியிடச் சொல்லி லென்ஸைக் கையில் கொடுத்தார். சாம்பல் பச்சை இலையில் பொடிப்பொடியாக உப்பு! உள்ளே வந்த உப்பை இலைச் சுரப்பிகள் வழியே வெளியே தள்ளிவிடுகிறது. இலை பச்சையாக இருப்பதால் உணவைத் தானே தயாரிக்கிறது. அப்புறம் பக்கத்து உப்புப் புல்லின் வேரிலும் உமரியின் வேரிலும் தன் வேரைப் பதித்துத் தண்ணீரும் சத்தும் வாங்கிக்கொள்கிறது. (தூத்துக்குடி உப்பளக் கரையில் பார்ப்போமே, அந்த உமரியின் சொந்தம்தான்.) ஒரே வருடம் வாழும் இந்தச் சின்னச் செடி, மழையே இல்லாத கலிஃபோர்னியக் கோடையில் பூத்து நிற்பது அந்த வேர்ப்பிடியால்தான். அன்றிலிருந்து புல்லுருவி என்று யாரையும் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

முதல் வாரம் ஓதம் (கடல்நீர்) ஏறிய நேரத்தில் எல்லோரையும் கூட்டிப்போய்ச் சேற்றில் நிறுத்தினேன். அதன்பின் வியாழன்தோறும் ஓத நேரத்தைத் தவறாமல் அனுப்பிய தம்பிக்கு நன்றி.

ஏழாம் வகுப்புப் பாப்பாவை எப்படி மறப்பேன்? மேட்டு மணலில் ஒரு தேனீ துளைக்குள் நுழைவதைப் பார்த்து, "யாரும் மிதிக்காதீங்க" என்று கையை விரித்து நின்றாள். தரையில் கூடு கட்டும் அந்தத் தனித் தேனீக்கள் பூவுக்குப் பூ போனால்தான் விதை நன்றாகப் பிடிக்கும். செடி நிற்கும் சதுப்பை மட்டும் காத்துவிட்டுப் பக்கத்து மேட்டைக் கட்டடத்துக்குக் கொடுத்தால் செடி நிலைக்காது. எனக்கு இதைப் புரியவைத்தது அவள்தான்.

நாம் நேரில் பார்க்காதவர்களுக்கும் ஒரு நன்றி இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் சூழலியல் ஆய்வாளர் ஜாய் ஸெட்லரும் அவருடன் உழைத்தவர்களும் இதே கழிமுகத்து விதைகளைக் கொண்டுபோய், செடி மறைந்துபோயிருந்த, சான் டியேகோ விரிகுடாக் கரையின் ஸ்வீட்வாட்டர் சதுப்பில் மறுபடி வளர்த்தார்கள்.

நீர்மோர் கொண்டுவந்த அக்காக்களே, நீங்கள் இல்லாமல் ஆகஸ்ட் வெயிலைத் தாண்டியிருக்க மாட்டோம்.

காய்கள் இப்போது காய்ந்துவிட்டன. குளிர்கால மழை மண்ணின் உப்பைக் குறைத்ததும் விதை முளைக்கும். மே மாதம் முதல் சனிக்கிழமை, அதே வாசலில் சந்திப்போம். லென்ஸ் என்னிடம்தான் இருக்கிறது, அம்மா. பத்திரமாக வைத்திருக்கிறேன்.