பியோர்க் கட்டுரை: சில திருத்தங்களும் ஒரு பெரிய குறையும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க் பற்றி வந்த கட்டுரை இரண்டு பக்கம். அதில் ஒரு பக்கத்தை 2001 ஆஸ்கர் விழாவுக்கு அவர் அணிந்து வந்த அன்னப்பறவை உடையே பிடித்துக்கொண்டது. செம்கம்பளத்தில் முட்டைகூட இட்டுவிட்டுப் போனாரே, வேடிக்கையாகத்தான் இருந்தது. அதற்காக 11 வயதில் முதல் இசைத்தட்டைப் பதிவு செய்த ஒருவரின் வாழ்நாள் வேலையை ஓர் உடைக்குள் திணிப்பதா?

முதலில் சில்லறைத் திருத்தங்கள். கட்டுரை முழுக்க 'திருமதி குட்முன்ஸ்டோட்டிர்' என்று எழுதியிருக்கிறீர்கள். அது குடும்பப் பெயர் அல்ல; 'குட்முண்டூரின் மகள்' என்று பொருள். ஐஸ்லாந்தில் தொலைபேசிப் புத்தகமே சொந்தப் பெயரின் வரிசையில்தான் இருந்தது. அப்பா பெயரை இனிஷியலாகப் போடும் நமக்கு இது புரியாததா?

அடுத்து, 'ஒரே படத்தோடு நடிப்புக்கு முழுக்குப் போட்டார்' என்ற வரி. லார்ஸ் வான் ட்ரியர் இயக்கிய 'டான்சர் இன் த டார்க்' 2000இல் கான் விழாவில் தங்கப்பனை விருதையும், பியோர்க்குக்குச் சிறந்த நடிகை விருதையும் பெற்றது சரி. அதற்கு முன்பே 'தி ஜூனிபர் ட்ரீ' என்ற கறுப்பு-வெள்ளைப் படத்தில் நடித்திருக்கிறார். எண்பதுகளின் நடுவில் எடுத்த அந்தப் படம் 1990இல்தான் வெளியானது. 2005இல் 'டிராயிங் ரெஸ்ட்ரெயின்ட் 9', 2022இல் 'தி நார்த்மேன்' படத்தில் குறிசொல்லி வேடம். குறைவுதான், ஆனால் ஒன்றல்ல.

1993இல் வந்த 'டெபியூ' இசைத்தட்டைப் பற்றி ஒரே வரி. அதில் 'வீனஸ் ஆஸ் எ பாய்' பாட்டின் வயலின் பின்னணி, தபலாக் கலைஞர் தல்வின் சிங் இந்தியாவில் நம் சினிமா வாசிப்பாளர்களை வைத்துப் பதிவு செய்து கொண்டுபோனது. இங்குள்ள வாசகருக்கு முதலில் சொல்லவேண்டிய செய்தியை விட்டுவிட்டீர்களே!

இனி, பெரிய குறைக்கு வருகிறேன். 'புரியாத பரிசோதனை' என்று ஒரு சொல்லில் கடந்துவிட்டார் கட்டுரையாளர். பியோர்க்கின் பரிசோதனையில் புதிர் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு இசைத்தட்டுக்கும் எந்த ஒலிகள் என்று முன்கூட்டியே முடிவு கட்டி, மற்றதற்குக் கதவைச் சாத்திவிடுவார். 1997இன் 'ஹோமோஜெனிக்' பெரும்பாலும் இரண்டே சரக்கில் நிற்கிறது: ஐஸ்லாந்துத் தந்திக் குழு ஒன்று, வேண்டுமென்றே கரகரப்பாக்கிய மின்னணுத் தாளம் இன்னொன்று.

2001இன் 'வெஸ்பர்டைன்' இதற்கு நல்ல பாடம். பாட்டை இணையத்தில் இறக்கி மடிக்கணினியில் கேட்கும் பழக்கம் அப்போதுதான் பரவிக்கொண்டிருந்தது. அந்தச் சின்ன ஸ்பீக்கரில் பேஸ் எனும் அடிஸ்தாயி ஒலி எழும்பாது. அடிஸ்தாயியை நம்பிக் கட்டிய பாட்டு பாதி காணாமல் போகும். அந்த வழியில் அடிபடாத ஒலிகள் எவை என்று பார்த்துத்தான் ஹார்ப், செலஸ்டா (கட்டையை அழுத்தினால் உள்ளே எஃகுப் பட்டைகள் மணிபோல் ஒலிக்கும் கருவி), சாவி கொடுத்தால் தானே வாசிக்கும் மியூசிக் பாக்ஸ் ஆகியவற்றை எடுத்தார். தாளத்துக்குப் பெரிய ட்ரம்முக்குப் பதிலாகச் சீட்டுக்கட்டைக் கலைக்கும் ஓசை, பனி நொறுங்கும் ஓசை போன்றவற்றை நறுக்கி அடுக்கினார்கள். மியூசிக் பாக்ஸில் உருளையின் முள் எஃகுச் சீப்பின் பல்லை நெம்பி விடும். அந்த மெல்லிய ஒலியை மரப்பெட்டி வாங்கிக் குழைத்துத் தரும். பியோர்க் மரத்தை வேண்டாம் என்று சொல்லிக் கண்ணாடி போன்ற அக்ரிலிக் பெட்டி செய்யச் சொன்னார். மரத்தின் குழைவு போய், உறைந்த தண்ணீரைத் தட்டினாற்போன்ற ஒலி வரவேண்டும் என்பது கணக்கு. இவ்வளவு சன்னமான ஒலியை விளையாட்டரங்கில் வைத்தால் கூட்டத்தின் இரைச்சலிலேயே அமுங்கிவிடும். அந்தச் சுற்றுப்பயணத்துக்கு ஓபரா அரங்குகளைத் தேடிப் போனதும் அதனால்தான்.

2004இன் 'மெடுல்லா'வில் 'இசைக்கருவியே கிடையாது' என்பது முழுக்கச் சரியல்ல. பியானோ எட்டிப் பார்க்கும் இடம் உண்டு. மற்றபடி ஏறக்குறைய எல்லாம் தொண்டைதான்: வாயாலேயே தாளம் போடும் ராசெலின் பீட்பாக்ஸ், மூச்சை உள்ளிழுக்கும்போதும் வெளிவிடும்போதும் ஒலி எழுப்பும் கனடாவின் வடதுருவப் பழங்குடியான இனுயிட் இனப் பாடகி தகாக், இரண்டு கோரஸ் குழுக்கள்.

2011இன் 'பயோஃபீலியா'வை 'செல்போன் ஆல்பம்' என்று எழுதியிருந்தீர்கள். 10 பாட்டுக்கு 10 செயலி என்பது உண்மை. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 2014இல் அதைத் தன் சேகரிப்பில் சேர்த்தது, அங்கே இடம்பெற்ற முதல் செயலி அது. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அதற்காகச் செய்த கருவிகள். செலஸ்டாவைப் பிரித்து, எஃகுப் பட்டைகளுக்குப் பதில் வெண்கலப் பட்டைகளைப் பொருத்தி, இந்தோனேசியாவின் கேமலான் வாத்தியத்தின் நாதத்தை வரவழைத்தார்கள், பெயர் கேமலெஸ்ட். ஊசல் ஹார்ப் இன்னும் விசேஷம். நான்கு ஊசல்கள், ஒவ்வொன்றின் அடியிலும் தந்திகள் சுற்றிக் கட்டிய உருளை. உருளை திரும்பி, வேண்டிய தந்தியை முன்னால் நிறுத்தும்; ஊசல் கடக்கும்போது அது மீட்டப்படும். சிக்கல் வேகத்தில். 1 மீட்டர் ஊசல் ஒருமுறை போய்வர ஏறத்தாழ 2 விநாடி ஆகும்; வேகம் இரட்டிக்க வேண்டுமானால் நீளத்தைக் கால்பங்காக்க வேண்டும். மோட்டாரும் கணினியும் துணைக்கு இருந்தாலும், ஊசலின் போக்குக்குப் பாட்டுதான் இறங்கி வரவேண்டும். இன்னொரு பாட்டில் பேஸ் வாசிப்பது, உயர் மின்னழுத்தத்தில் மின்பொறி பாய்ச்சும் டெஸ்லா சுருள். விநாடிக்கு எத்தனை முறை மின்பொறி பாய்கிறதோ அதுவே ஸ்வரம். 110 முறை பாய்ந்தால் கீழ்ஸ்தாயியில் மேற்கத்திய இசையின் 'ஏ' ஸ்வரம் கேட்கும்.

2010இல் இத்தாலியத் திரையிசையமைப்பாளர் என்னியோ மோரிகோனேவுடன் அதே ஆண்டுக்கான ஸ்வீடனின் போலார் இசைப் பரிசு பெற்றதையும், 2012இல் குரல்நாண் அறுவை சிகிச்சைக்குப் பின் மீண்டு வந்ததையும் ஒரு பெட்டிச் செய்தியாகவாவது போட்டிருக்கலாம்.

கட்டுரையைப் படித்துவிட்டுப் புதிதாகக் கேட்கத் தொடங்குவோருக்கு ஒன்று. 'வெஸ்பர்டைன்' செல்போன் ஸ்பீக்கரிலும் ஓரளவு தாங்கும். 2022இன் 'ஃபொசோரா'வை அப்படிக் கேட்காதீர்கள். அதன் ஆதாரம் அடிஸ்தாயியில் ஒலிக்கும் 6 பேஸ் கிளாரினெட்டுகளும், தரையை இடிக்கும் கேபர் எனும் அதிவேக மின்னணு நடனத் தாளமும். செல்போனில் அவை தேய்ந்து குரல் மட்டும் அந்தரத்தில் நிற்கும். 'இதில் என்ன இருக்கிறது' என்று அணைத்துவிடுவீர்கள். காதை மூடும் ஹெட்ஃபோனாவது வேண்டும்.

பெயர்த் திருத்தத்தை அடுத்த இதழில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி