ஆறடி மூணு அங்குலம் போதுமா, மாப்ளே?

கடலூர் முதுநகர்
27 ஜூலை 2025

மாப்ளே,

நலம்தானே? இங்கே எல்லோரும் சுகம். பெரியவளுக்குப் புதுச்சேரியில் வேலை கிடைத்துவிட்டது, தினம் பஸ்ஸில் போய் வருகிறாள். பண்ருட்டிப் பலா ஓயப்போகிறது. உனக்கு ஒரு பழம் அனுப்பலாம் என்றால், வாசனைக்குப் பயந்து எந்தக் கண்டக்டரும் ஏற்ற மாட்டேன் என்கிறார்.

உன் அக்கா மகனைக் குத்துச்சண்டையில் இறக்குவது பற்றி எழுதியிருந்தாய். ஆறடி மூணு அங்குலம், நூறு கிலோவுக்கு மேல், நல்ல நீளக் கை, "ஹெவிவெயிட்டுக்கு இதுக்கு மேல என்னடா வேணும்?" என்று கேட்டிருந்தாய். கால் வேணும்டா, ஃபுட்வொர்க் என்கிறார்களே, அந்தக் கால் நகர்வு. அதைத்தான் விரிவாகச் சொல்லப்போகிறேன், பொறுமையாகப் படி.

போன வாரம் உசிக் - டுபுவா சண்டையைப் பார்த்திருப்பாய். லண்டன் வெம்ப்ளியில் அஞ்சாவது ரவுண்டிலேயே உசிக் ஆளைச் சாய்த்து முடித்துவிட்டார். உசிக்குக்கு 38 வயது, எதிராளி அவரைவிட இளையவர், உயரம், எடை இரண்டிலும் கூட. நீ ஆளைச் சாய்த்த அந்த இடது கையைப் பற்றியே எழுதியிருந்தாய். நான் பார்த்தது அதற்கு முந்தின நாலு ரவுண்டும் அவர் கால் எங்கே இருந்தது என்பதை.

அதைவிடத் தெளிவான பாடம் 2024 மே மாதம் ரியாத்தில் நடந்தது. டைசன் ஃபூரி 206 செ.மீ. உயரம், ரீச், அதாவது கை விரித்த அளவு, 216. உசிக் 191 செ.மீ., ரீச் 198. கை வீச்சில் மட்டும் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான வித்தியாசம். எடையில் பதினேழு கிலோ. ஆனால் உசிக் இடக்கைக்காரர், வலது காலை முன்னால் வைத்து நிற்பவர். அந்த முன்கால் ஃபூரியின் இடது முன்காலுக்கு வெளிப்பக்கமாகப் போய் நின்றுவிட்டால், உசிக்கின் இடது கைக்கு ஃபூரியின் தாடை நேர்க்கோட்டில் வந்துவிடும். ஃபூரி முதலில் உடம்பைத் திருப்பிக்கொள்ள வேண்டும், அப்புறம்தான் குத்த முடியும். அந்தத் திருப்பம் முடிவதற்குள் உசிக் அங்கே இருக்க மாட்டார். நடு ரவுண்டுகளில் ஃபூரிதான் மேலே இருந்தார், உசிக் வயிற்றில் கீழிருந்து மேலே வரும் நல்ல அப்பர்கட் குத்துகள் விழுந்தன. ஒன்பதாவதில் அந்த இடது கை விழுந்ததும் மனிதர் கயிற்றுக்குக் கயிறு தள்ளாடினார், நடுவர் எண்ண வேண்டியதாயிற்று. லெனாக்ஸ் லூயிஸுக்குப் பிறகு எல்லாப் பட்டத்தையும் சேர்த்து வைத்திருந்த ஹெவிவெயிட் உசிக்தான். டிசம்பரில் மறுபடி மோதியபோதும் ஜெயித்தார்.

இதற்காக ஃபூரியைக் கால் தெரியாதவர் என்று எண்ணிவிடாதே. 2015-இல் அவர் விளாதிமிர் கிளிச்கோவை ஜெயித்ததே காலாலும் போலி அசைவுகளாலும்தான். ஒன்பது வருஷமாக முன்கையால் நேராகக் குத்தும் ஜாபை நீட்டி ஆளைத் தூரத்தில் நிறுத்தி, கிட்டே வந்தால் கட்டிப்பிடித்துச் சாய்ந்தே காலம் தள்ளியவர் கிளிச்கோ. தன்னைவிட நீளமான கை எதிரே வந்து ஓரிடத்தில் நிற்காமலும் இருந்ததும், பன்னிரண்டு ரவுண்டிலும் அவருக்குக் குத்தவே மனசு வரவில்லை.

ரீச்சை அளப்பது எப்படி என்று உனக்கு ஞாபகம் இருக்கும்: இரண்டு கையையும் விரித்து, விரல் நுனியிலிருந்து விரல் நுனி வரை. அதில் நெஞ்சு அகலமும் சேர்ந்துவிடுகிறது. சண்டையில் குத்து எவ்வளவு தூரம் எட்டும் என்பதை முன்கால் எவ்வளவு நகர்ந்தது, தோள் எவ்வளவு திரும்பியது என்பவைதான் தீர்மானிக்கின்றன. சிலம்ப ஆசான்கள் கம்பைக் கையில் கொடுக்குமுன் காலடி போட வைப்பது எதற்கோ, இங்கே ஜாபுக்கு முன்னால் கால் கற்பதும் அதற்குத்தான்.

மற்ற எடைப்பிரிவுகளில் இரண்டு பேரும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் இருப்பார்கள். புரொஃபஷனல் ஹெவிவெயிட்டில் 200 பவுண்டுக்கு மேல் உச்சவரம்பே கிடையாது. 2009-இல் ஏழடி உயரச் சாம்பியன் வலுயேவ் எதிரே டேவிட் ஹே நின்றபோது எடை வித்தியாசம் கிட்டத்தட்ட 45 கிலோ. ஹே சுற்றிச் சுற்றி வந்து, உள்ளே போய் ஒரு குத்து, உடனே வெளியே, இப்படியே பன்னிரண்டு ரவுண்டும் ஓட்டிப் பட்டத்தை வாங்கிப் போனார். பார்க்க ஒன்றும் விறுவிறுப்பாக இல்லை, உண்மையைச் சொன்னால் எனக்குக் கொட்டாவி வந்தது. ஆனால் வேலை நடந்தது.

ஃபுட்வொர்க் என்றதும் நம் ஆட்களுக்கு முகமது அலியின் ஆட்டம்தான் கண்ணில் நிற்கும். 1980-இல் அவர் மெட்ராஸுக்கு வந்து ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை போட்டதை இன்னும் பேசுகிறவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், அதே அளவு படிக்க வேண்டிய கால் ஜார்ஜ் ஃபோர்மேனுடையது. மார்ச்சில் அவர் காலமானபோது எல்லோரும் அவர் குத்தின் பலத்தையே எழுதினார்கள். 1974-இல் கின்ஷாசாவில் அலி ஆடியே தப்பித்துவிடலாம் என்றுதான் இறங்கினார். ஃபோர்மேன் துரத்தவில்லை. பக்கவாட்டில் சின்னச் சின்ன அடி வைத்து வழியை மறித்தார். அலி சுற்றி ஓட வேண்டிய தூரத்துக்கு இவருக்குப் பாதி அடிகூடத் தேவைப்படவில்லை. இப்படியே போனால் மூச்சு வாங்கிவிடும் என்று தெரிந்துதான் அலி கயிற்றில் சாய்ந்து அவரைக் குத்த விட்டார். எட்டாவது ரவுண்டில் ஃபோர்மேன் விழுந்தது களைப்பால், கால் சரியில்லாததால் அல்ல.

அதே ஃபோர்மேன் 1994-இல், 45 வயதில், மைக்கேல் மூரரைப் பத்தாவது ரவுண்டில் வீழ்த்தினார். அந்த வயதில் அவர் நகர்ந்ததே கொஞ்சம். புள்ளியில் முன்னால் இருந்த மூரர் அவர் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தார், அதுதான் காரணம்.

குள்ளமானவர்கள் கதையும் இதேதான். பழைய சாம்பியன் மார்சியானோவின் ரீச் 68 அங்குலம்தான், 49 சண்டையில் தோல்வியே இல்லை. மைக் டைசனுக்கு 71. இரண்டு பேரும் தலையை ஆட்டி உள்ளே புகுந்தார்கள் என்று சொல்வோம். தலை மட்டும் போய் என்ன செய்ய? தலையோடு காலும் புகுந்ததால்தான் உள்ளே நின்று, கையை மடக்கிப் பக்கவாட்டில் குத்தும் ஹுக் போட முடிந்தது. நீளக் கைக்காரனுக்கு அந்த நெருக்கத்தில் கையை மடக்கவே இடமிருக்காது.

சரி, அமெரிக்கச் சாம்பியனாக இருந்த வைல்டர் மாதிரி ஆட்களும் உண்டு. அகலக் கால், குத்தோடு சேர்ந்து உடம்பே முன்னால் விழும். அந்த ஒரே வலது கையை வைத்து அஞ்சு வருஷம் பட்டம் வைத்திருந்தார். ஹெவிவெயிட்டில் ஒரு குத்து போதும், அதனால் இதுவும் நடக்கும். ஆனால் அந்த வலது கை கடவுள் கொடுத்தது, கோச் கொடுக்க முடியாது. நம் பையனுக்கு அது இருக்கிறதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அவன் போன மாதம் இங்கே வந்திருந்தான் அல்லவா, மஞ்சக்குப்பம் மைதானத்துக்குக் கூட்டிப்போனேன். மண்ணில் குதிகாலால் ஒரு கோடு கிழித்து, அதன் மேல் முன்னும் பின்னும் போகச் சொன்னேன். ஜாப் போடும்போது முன்கால் பாய்கிறது, பின்கால் இருந்த இடத்திலேயே கிடக்கிறது. மூக்கு முன்கால் கட்டைவிரலுக்கும் அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது. பின்வாங்கும்போது இரண்டு காலும் பின்னிக்கொள்கின்றன. அந்த நேரம் பார்த்துத் தோளில் ஒரு விரல் வைத்தேன், தொப்பென்று உட்கார்ந்துவிட்டான். "மாமா, இன்னொரு தடவை" என்று எழுந்தான், அது எனக்குப் பிடித்தது. அப்புறம் அவன் நெஞ்சளவுகூட இல்லாத ஒரு சின்னப் பையனை எதிரே விட்டேன், அடிக்க வேண்டாம், தொட்டால் போதும் என்று. சின்னவன் தொட்டுக்கொண்டே இருந்தான். இவன் கை நீளமாக நீண்டது, ஒவ்வொரு தடவையும் ஆள் போன பிறகு.

ஆடி முடிந்ததும் அனுப்பி வை. இரண்டு மூன்று மாதத்துக்குப் பையைக் குத்த விடமாட்டேன், இப்போதே சொல்லிவிடு, முகம் தூக்கக் கூடாது. ஓடுகிற ஷூ வேண்டாம், குதிகால் தடிமனாக இருக்கும். அடி தட்டையாக உள்ளதாகப் பார்த்து வாங்கிக் கொடு. கிளவுஸ் இங்கே இருக்கிறது. ஸ்கிப்பிங் கயிறு மட்டும் நீளமாக ஒன்று வேண்டும், இங்கே இருப்பதெல்லாம் இவனுக்கு முழங்காலில் மாட்டும்.

அக்காவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய ஸ்பாரிங் கூட்டாளி