சீனக்குடாவில் ஒரு காலைச் சாப்பாடு

உவர்மலை,
திருகோணமலை.
ஆவணி, ஞாயிறு பின்னேரம்

அன்புள்ள மச்சானுக்கு,

உன் கடிதமும் படங்களும் போன கிழமையே வந்துவிட்டன. உடனே பதில் எழுத இருந்தேன், முடியவில்லை. இந்த வருசம் கச்சான், அதுதான் தென்மேற்குக் காற்று, கடுமை. குசினிக் கூரையில் இரண்டு தகரத்தைக் கழற்றி வேலிக்கு அங்கால் எறிந்துவிட்டது. ஆள் பிடித்து அதைச் சரிக்கட்ட மூன்று நாள். பிறகு எனக்குத் தடிமன். இன்றைக்குத்தான் விறாந்தையில் கதிரையைப் போட்டுக்கொண்டு ஆறுதலாக இருக்கிறேன்.

படங்களில் எனக்குப் பிடித்தது, உன் பிளேனின் செட்டைக்குக் கீழே நீ அடித்திருக்கிற அந்தச் சின்னக் கூடாரம்தான். பக்கத்தில் கயிற்றில் துவாய் காயுது. அதற்கு அங்கால் கண்ணுக்கு எட்டும் தூரம்வரை பிளேன்கள், ஒவ்வொன்றின் செட்டைக்குக் கீழும் ஒரு கூடாரம், ஒரு அடுப்பு, இரண்டு கதிரை. திருவிழாவுக்கு வண்டில் கட்டிக்கொண்டு வந்து, மாட்டை அவிழ்த்துவிட்டு, வண்டிலுக்குக் கீழேயே சமைத்துப் படுத்த சனத்தைப் பற்றி அம்மம்மா சொல்லுவா. அந்தச் சனம்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

ஒஷ்கொஷுக்குப் போகவேண்டும் என்று நீ பறக்கப் பழகத் தொடங்கின நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாய். போய்விட்டாய். எனக்கு எவ்வளவு சந்தோசம் என்று எழுதத் தெரியவில்லை. வீட்டுக் கராஜில் தாங்களே பிளேன் கட்டுகிற கொஞ்சப் பேர் 1953இல் தொடங்கின சங்கம் ஒன்று, 1970இலிருந்து வருசாவருசம் ஒரே ஊரில் கூடி, இன்றைக்கு ஒரு கிழமைக்குள் பத்தாயிரம் பிளேன் வந்து இறங்குகிற இடமாகிவிட்டது என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒரு கிழமை உலகத்திலேயே வேலை கூடின கட்டுப்பாட்டுக் கோபுரம் விஸ்கொன்சினில் இருக்கிற அந்தச் சின்ன ஊரின் கோபுரம்தான் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொன்னபோது ஒருத்தரும் நம்பவில்லை.

இறங்கின விதத்தைப் பற்றி நீ எழுதினதை மூன்று தரம் வாசித்தேன். ரிப்பன் என்கிற ஊருக்கு மேலே வரிசையில் சேர்ந்து, ரயில் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு ஃபிஸ்க் என்கிற ஊர்வரை போகவேண்டும். உயரம் 1800 அடி, வேகம் 90 நொட், முன்னுக்குப் போகிறவருக்கும் உனக்கும் அரை மைல் இடைவெளி. கீழே நிற்கிறவர்கள் கண்ணால் பார்த்தே பிளேனின் நிறத்தைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். நீ வாய் திறந்து பதில் சொல்லக்கூடாது, செட்டையை ஆட்டிக் காட்டினால் போதும். பிறகு ஓடுபாதையில் நிறப் புள்ளிகள், "பச்சைப் புள்ளியில் இறங்கு" என்று சொன்னால் பச்சைப் புள்ளியில் இறங்கவேண்டும். ஒரே ஓடுபாதையில் உனக்கு முன்னுக்கு ஒருவர் இறங்கிக்கொண்டிருக்க, பின்னுக்கு இன்னொருவர் வந்துகொண்டிருக்கிறார். "அந்த நேரம் கை நடுங்கவில்லை, இறங்கி எஞ்சினை நிற்பாட்டின பிறகுதான் நடுங்கினது" என்று எழுதியிருக்கிறாய். நம்புகிறேன் மச்சான். பத்தாம் வகுப்புச் சோதினைக்கும் நீ அப்படித்தான், எழுதி முடித்து வெளியே வந்துதான் வியர்த்தாய்.

மிச்சிகன் ஏரிக்குக் குறுக்கே போகாமல் கரையோடு சுற்றிப் போனதாக எழுதியிருந்தது எனக்குப் பெரிய நிம்மதி. 3000 அடியில் எஞ்சின் நின்றால் ஏறக்குறைய எட்டுக் கிலோமீற்றர் வழுக்கிக்கொண்டு போகலாம் என்று நீதான் எனக்குச் சொல்லித் தந்தாய். அந்த ஏரி ஏறக்குறைய நூறு கிலோமீற்றர் அகலம். கொட்டியாரக்குடாவைப் பார்த்துக்கொண்டு வளர்ந்தவனுக்குத் தண்ணீரின் அகலத்தை யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

போன வருசம் நீ என்னைக் காலைச் சாப்பாட்டுக்குப் பிளேனில் கூட்டிக்கொண்டு போன அந்தச் சனிக்கிழமையைப் பற்றி நான் உனக்கு ஒழுங்காக எழுதவே இல்லை. ரொறன்ரோவில் வைத்தே சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை. இன்றைக்கு எழுதுகிறேன்.

ஒஷாவா விமானத்தளத்தில் விடிய ஆறு மணிக்கு நீ முதல் கேட்ட கேள்வி என் நிறை எவ்வளவு என்பது. நாலு கதிரை இருந்தாலும் தாங்கி நிறைய எரிபொருளும் நாலு பெரிய ஆட்களும் சேர்ந்து ஏறக்கூடாது என்று கணக்குப் போட்டுக் காட்டினாய். பிறகு செட்டையின் அடியிலிருந்து ஒரு சின்னக் குழாயில் எரிபொருளைப் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாய். இளநீலம். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் குமிழாக நிற்கும் என்றாய். ஒவ்வொரு பிணைச்சலையும் கையால் ஆட்டிப் பார்த்தாய், எண்ணெய்க் கோலை இழுத்துத் துடைத்துத் திரும்ப வைத்தாய். பள்ளிக்கூடத்தில் ஒருநாளும் பென்சில் சீவிக்கொண்டு வராத பெடியன் இவன்தானா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

மேலே போனதும் ஸ்கூகொக் ஏரி வெள்ளித்தட்டு மாதிரிக் கிடந்தது. வடிவுதான். ஆனால் மச்சான், அந்த எஞ்சின் சத்தம் காதுக்குள் ஏறின நேரத்திலிருந்து என் உடம்பு தன் பாட்டில் ஒரு வேலை செய்துகொண்டிருந்தது. கீழே எங்கே குழி இருக்கு, எங்கே மதகு இருக்கு, எங்கே குப்புறப் படுக்கலாம் என்று தேடிக்கொண்டிருந்தது. நான்தான் பிளேனுக்குள் இருக்கிறேன் என்பது அதற்கு விளங்கவில்லை. உனக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. நீயும் நானும் ஒரே பங்கருக்குள் எத்தனை தரம் படுத்திருக்கிறோம்.

பிறகு அந்தப் புல்லு ஓடுபாதை. கோபுரமும் இல்லை, கட்டுப்படுத்த ஆளும் இல்லை. ஒவ்வொருவரும் தான் எங்கே நிற்கிறேன், என்ன உயரம், அடுத்து என்ன செய்யப்போகிறேன் என்று ஒரே அலைவரிசையில் சொல்லுகிறார்கள். மற்றவர்கள் கேட்டு வழிவிடுகிறார்கள். முப்பது பிளேன் அப்படித்தான் வந்து இறங்கினது. கராஜுக்கு முன்னால் நீட்டு மேசை, அப்பம் மாதிரி ஒன்றைச் சுட்டுச் சுட்டுப் போடுகிறார்கள், மேப்பிள் பாணி, கோப்பி. மஞ்சள் நிறப் பைப்பர் கப் பிளேன் ஒன்றிலிருந்து எழுபது வயது தாண்டின ஒரு மனுசி தனியாக இறங்கி வந்தா. அந்த வகை 1947உடன் கட்டி நிற்பாட்டினது, எஞ்சின் 65 குதிரைவலு, மோட்டார் சைக்கிளிலும் அதைவிடக் கூட இருக்கும் என்று நீ சொன்னாய். எங்கேயிருந்து வருகிறீர்கள், என்ன அலுவல் என்று கேட்டேன். "சாப்பிட வந்தேன்" என்றா. வேறு அலுவல் ஒன்றும் இல்லையாம். சாப்பிட்டா, இரண்டு பேருடன் கதைத்தா, எழும்பிப் போய்விட்டா.

அந்த நேரம்தான் அது நடந்தது. இன்னொரு பிளேன் மரங்களுக்கு மேலாலே பதிந்து வந்தது. சத்தம் கேட்டதும் நாலைந்து வயதுப் பெண்பிள்ளை ஒன்று மேசைக்குக் கீழேயிருந்து எழும்பி, சத்தம் வந்த பக்கமாகவே வேலிக்கு ஓடினது. நான் என்னை அறியாமல் பாய்ந்து அதன் கையைப் பிடித்துவிட்டேன். பிள்ளை திரும்பி என்னை வியப்பாகப் பார்த்தது. தாய் ஒன்றும் சொல்லாமல் சிரித்துக்கொண்டு வந்து கூட்டிக்கொண்டு போனா. நீ என் தோளில் கை வைத்தாய். ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதற்கு உனக்கு நன்றி.

அம்மம்மாவுக்கு 1942இல் பன்னிரண்டு வயது. சித்திரை 9ஆம் திகதி காலமை, ஐந்து யப்பான் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து வந்த பிளேன்கள் துறைமுகத்துக்கும் சீனக்குடா விமானத்தளத்துக்கும் குண்டு போட்ட நாள், அவவை ஒரு பெட்டி வண்டிலில் ஏற்றித் தம்பலகாமத்துக்குக் கொண்டு போனார்களாம். எண்ணெய்க் குதம் எரிந்த புகையைப் பார்த்துக்கொண்டே போனதாகச் சாகும்வரை சொன்னா. அம்மாவுக்கும் அவவின் காலத்தில் ஓடவேண்டி வந்தது. நாங்களும் ஓடினோம். மூன்று தலைமுறையாக இந்த ஊரில் வானத்தில் வருகிறதெல்லாம் ஏதாவதொரு அலுவலாகத்தான் வந்திருக்கிறது. ஆரும் சும்மா வந்ததில்லை, சாப்பிட வந்ததில்லை. அந்த மனுசி சொன்ன பதில் எனக்கு ஒரு வருசமாக மனதுக்குள் கிடக்கிறதற்குக் காரணம் இதுதான்.

இப்போது என்ன செய்தேன் என்று கேள். ரியூசன் பிள்ளைகளுக்கு ஒரு கணக்குக் கொடுத்தேன். சீனக்குடாவில் காலை எட்டு மணிக்குப் பிட்டும் மீன்குழம்பும். விருந்தாளிகள் செஸ்னா 172 என்கிற சின்னப் பிளேனில் வருகிறார்கள், வேகம் 120 நொட், அதாவது மணிக்கு 222 கிலோமீற்றர். இரத்மலானையிலிருந்து நேர்கோட்டில் ஏறக்குறைய 240 கிலோமீற்றர், பலாலியிலிருந்து 185, மட்டக்களப்பிலிருந்து 108. ஒவ்வொருவரும் எத்தனை மணிக்கு வெளிக்கிடவேண்டும்? மணித்தியாலத்துக்கு 30 லீற்றர் என்றால் ஒவ்வொருவருக்கும் எவ்வளவு எரிபொருள்?

வழமையாகக் கணக்கென்றால் முகத்தைச் சுளிக்கிற பிள்ளைகள் மச்சான், படத்தை விரித்து அடிமட்டத்தை வைத்துப் படுத்துக்கொண்டு செய்தார்கள். இரத்மலானைக்காரர் 6.55க்கு, பலாலிக்காரர் 7.10க்கு, மட்டக்களப்பார் ஏழரைக்கு எழும்பினால் போதும் என்று கண்டுபிடித்தார்கள். பிறகு கச்சானைச் சேர்த்தேன். இரத்மலானையிலிருந்து வடகிழக்காக வருகிறவரை அது முதுகில் தள்ளிவிடும். பலாலியிலிருந்து வருகிறவரைப் பக்கவாட்டில் அடிக்கும், அவர் மூக்கைக் காற்றின் பக்கம் கொஞ்சம் திருப்பி வைத்தால்தான் கோடு பிசகாமல் வரலாம். அளவும் திசையும் சேர்ந்த காவிக் கணக்கைப் படிப்பிக்க இதைவிட நல்ல வழி முப்பது வருசமாக எனக்குக் கிடைக்கவில்லை. சீனக்குடா ஓடுபாதையின் ஒரு முனையில் 06, மற்றதில் 24 என்று ஏன் எழுதியிருக்கிறது என்றும் கேட்டேன். 60 பாகை, 240 பாகை, கடைசிப் பூச்சியத்தை விட்டுவிட்டார்கள் என்று கின்னியாவிலிருந்து வருகிற பெடியன் ஒருவன் சொல்லிவிட்டான்.

நெடுக வாய் திறக்காமல் பின்வாங்கில் இருக்கிற ஒரு பெண்பிள்ளை அன்றைக்குக் கையை உயர்த்தினாள். "சேர், மூன்று பேரும் எட்டு மணிக்கே வந்தால் ஆர் முதல் இறங்குறது?" உன்னுடைய புல்லு ஓடுபாதையைப் பற்றிச் சொன்னேன். தான் நிற்கிற இடத்தை உண்மையாகச் சொல்லி, மற்றவர் சொல்வதைக் கேட்டு, உயரம் குறைவாக வருகிறவருக்கு வழிவிடுகிற முறையைச் சொன்னேன். சீனக்குடா விமானப்படைத் தளம், அங்கே கோபுரம் சொல்கிறபடிதான் இறங்கலாம் என்றும் சொன்னேன். அவள் யோசித்துவிட்டு, "அப்ப புல்லுத்தான் நல்லம்" என்றாள்.

காலமையில் சீனக்குடாப் பக்கம் பயிற்சிப் பிளேன்கள் எழும்பிச் சுற்றி, இறங்கித் திரும்ப எழும்புகிற சத்தம் இங்கே நன்றாகக் கேட்கும். முந்தி அந்த நேரம் உள்ளே போய் றேடியோவைச் சத்தமாக வைப்பேன். இப்போது தேத்தண்ணியோடு வெளியே நின்று எண்ணுகிறேன். காற்றுக்கு எதிராகத்தான் எழும்புவார்கள் என்றபடியால் கச்சான் காலத்தில் தென்மேற்குப் பக்கமாக ஓடி எழும்புகிறார்கள். ஒருநாள் காலமை பதினொரு தரம் எண்ணினேன். உடம்பு இன்னும் ஒரு தரம் திடுக்கிடும்தான். இரண்டாம் தரம் இல்லை.

உங்கள் பக்கத்தில் எட்டு வயதிலிருந்து பதினேழு வயதுவரையான பிள்ளைகளைக் காசு வாங்காமல் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டுகிறார்கள், 1992இலிருந்து இருபது இலட்சத்துக்கு மேலே பிள்ளைகள் பறந்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். எங்கள் பிள்ளைகள் ஒவ்வொரு நாளும் பிளேன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் படிக்கிறார்கள். ஒன்றைக் கையால் தொட்ட பிள்ளை என் வகுப்பில் ஒன்றும் இல்லை. எனக்கு அது மனவருத்தமாக இருக்கிறது. எங்கள் காலத்தில் கேட்கத் தோன்றாத ஒன்றை இவர்கள் கேட்கலாம் என்று நினைக்கிறேன்.

உனக்கு ஒரு வேண்டுகோள், கோபிக்காதே. முகிலுக்குள் மாட்டினால் உள்காது பொய் சொல்லும், பிளேன் சரிந்து வளைந்தாலும் நேராகப் போகிற மாதிரியே இருக்கும் என்று நீதான் சொன்னாய். உரிமம் எடுக்கிறதற்குக் கண்ணை மறைத்துக் கருவியை மட்டும் பார்த்து ஐந்து மணித்தியாலம் பழகினது போதும் என்று நினைத்துவிடாதே. வானம் மூடினால் பிளேனை அந்த ஊரிலேயே கட்டிவிட்டு பஸ்ஸில் வீட்டுக்குப் போ. ஐம்பத்தெட்டு வயதில் ஆருக்கும் எதையும் நிரூபிக்கத் தேவையில்லை.

ஊர்ப் புதினம் பெரிதாக ஒன்றும் இல்லை. தம்பலகாமத்தில் சிறுபோக அறுவடை நடக்கிறது, தங்கச்சி வீட்டில் விளைச்சல் பரவாயில்லை. உன் பழைய வீட்டு மாமரத்தை வெட்டாமல் வைத்திருக்கிறார்கள். நிலாவெளியில் வெள்ளைக்காரர் நிறைய.

தையில் வருவதாக எழுதியிருக்கிறாய். முடிந்தால் பங்குனிக்குத் தள்ளிப் போடு, தையில் கடல் இன்னும் கொந்தளிப்பாகத்தான் இருக்கும். வரும்போது எனக்கு உடுப்பு, சொக்லேற் ஒன்றும் வேண்டாம். காலாவதியாகிப் போன பறப்பு வரைபடங்கள் இருந்தால் இரண்டு மூன்று கொண்டுவா, 1:500,000 அளவில் இருக்கிறது போதும். எரிபொருள் பிடித்துப் பார்க்கிற அந்தக் குழாயும் ஒன்று. வகுப்பில் பிள்ளைகள் கையில் கொடுக்கவேண்டும்.

பின்வாங்குப் பிள்ளை உனக்கு ஒரு கேள்வி எழுதித் தந்திருக்கிறாள். நான் பிரித்துப் பார்க்கவில்லை, இதற்குள்ளே வைத்திருக்கிறேன். பதிலை எனக்கு எழுதாதே, அவளுக்கே எழுது.

அன்புடன்,
உன் வாங்குத் தோழன்