2023–24 ஆண்டறிக்கை: தக்காளி, வெள்ளம், பூண்டு

தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், மொட்டை மாடியில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் மற்ற எல்லோருக்கும் செயலாளரின் வணக்கம். நம் குடியிருப்போர் சங்கத்தின் ஆண்டறிக்கை என்றால் போர்வெல் மோட்டார், லிஃப்ட், வாட்ச்மேன் சம்பளம் என்றுதான் ஒவ்வொரு வருடமும் இருக்கும். அதெல்லாம் கடைசியில் வரும், யாரும் எழுந்து போக வேண்டாம். இந்த வருடம் சமையலைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறேன். சங்கத்துக்கும் சமையலுக்கும் என்ன சம்பந்தம் என்று போன பொதுக்குழுவில் கேட்டவர்களே டிசம்பரில் என் வீட்டு அடுப்படியில் நின்றார்கள் என்பதால் தைரியமாகவே எழுதியிருக்கிறேன்.

எல்லாம் ஜூலையில் தக்காளியில் ஆரம்பித்தது. வெளிக்கடையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது, சென்னையில் சில ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்குக் கொடுத்தார்கள், அங்கே வரிசையில் நின்றபோதுதான் பி பிளாக் மாமி சொன்னார்: “திவசத்தன்று தக்காளி இல்லாமல்தானே ரசம் வைக்கிறோம், அன்றைக்குத்தானே எல்லோரும் ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள்?” அந்த ஒரு வார்த்தையில் பிறந்ததுதான் ‘அஞ்சு சாமான் ஞாயிறு’. மாதம் ஒரு ஞாயிறு, விருப்பமுள்ள வீடுகள், ஒரே பட்டியல், ஐந்தே சாமான். உப்பு, எண்ணெய், கடுகு மூன்றும் கணக்கில் கிடையாது. சமைத்ததை மாடிக்குக் கொண்டுவந்து எல்லோரும் ருசி பார்க்க வேண்டும், அவ்வளவுதான் விதி.

பெருங்காயம் கணக்கில் உண்டா என்று முதல் வாரமே சண்டை வந்துவிட்டது. எண்ணெய் மாதிரி அதுவும் இலவசம் என்று ஒரு கட்சி. ஏ பிளாக் சார் டப்பாவைக் கையிலேயே எடுத்து வந்து, பின்பக்கத்தைக் கண்ணாடி போட்டுப் படித்து, “கூட்டுப் பெருங்காயத்தில் மாவு இருக்கிறது, பிசின் இருக்கிறது, அப்புறம்தான் காயம். இது ஒரு சாமான் இல்லை, மூன்று சாமான்” என்றார். இன்றுவரை தீர்ப்பு வரவில்லை.

முதல் மாதப் பட்டியல்: புளி, மிளகு, சீரகம், துவரம் பருப்பு, கறிவேப்பிலை. ஆறு வீட்டு ரசம் வந்தது, ஆறும் ஆறு மாதிரி. தக்காளி இல்லாவிட்டால் புளிப்பு மட்டும் குறையும் என்று நான் நினைத்திருந்தேன், ஆனால் குறைவது ரசத்தின் உடம்பு, தண்ணீராக ஓடுகிறது. அதை ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழியில் சரிக்கட்டியிருந்தார்கள். ஒருவர் ஊறவைத்த துவரம் பருப்பை மிளகு சீரகத்தோடு பச்சையாக அரைத்து விட்டிருந்தார், ஒருவர் அரிசி களைந்த இரண்டாம் தண்ணீரில் புளியைக் கரைத்திருந்தார். என் வீட்டு ரசம் நுரை கட்டியதும் இறக்காமல் கொதிக்கவிட்டதில் வாசனையெல்லாம் மாடிப்படியோடு போய்விட்டது. ஆறாவது இடம் எனக்குத்தான்.

ஆகஸ்டில் மோர்க்களி. அரிசி மாவு, புளித்த மோர், மோர்மிளகாய், உளுத்தம் பருப்பு, கறிவேப்பிலை. இதில் ஒளிந்துகொள்ள இடமே இல்லை. ஒரு டம்ளர் மாவுக்கு இரண்டரை டம்ளர் மோர், கட்டியில்லாமல் கரைத்து, தாளிப்பில் ஊற்றி, நல்லெண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். கையைத் தண்ணீரில் நனைத்துத் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். ஒட்டாமல் வரும் வரை பொறுமை இருந்தவர்கள் மூன்று பேர், மற்றவர்கள் கொண்டுவந்ததைப் போஸ்டர் ஒட்டப் பயன்படுத்தியிருக்கலாம்.

அக்டோபர் விபத்து என்னுடையது, மறைப்பதற்கில்லை. துவரம் பருப்பு வெளியே கிலோ 160 ரூபாயைத் தாண்டியிருந்தது, ரேஷனில் 30 ரூபாய்க்குக் கிடைப்பது கார்டுக்கு ஒரு கிலோதான், அதனால் பருப்பில்லாத சாம்பார் என்று வைத்துக்கொண்டோம். கடலை மாவைக் கொதிக்கும் புளித் தண்ணீரில் நேராகக் கொட்டினேன். வெளிப்பக்கம் வெந்து தோல் மாதிரி மூடிக்கொண்டது, உள்ளே பச்சை மாவு அப்படியே. தூத்துக்குடி அக்கா ஒரு உருண்டையைக் கரண்டியில் தூக்கிப் பார்த்து, “இது சாம்பாரா, உருண்டைக் குழம்பா தம்பி?” என்றார். பச்சைத் தண்ணீரில் கரைத்துவிட்டு ஊற்ற வேண்டும் என்று இப்போது தெரியும்.

இதெல்லாம் விளையாட்டாகத்தான் போய்க்கொண்டிருந்தது, டிசம்பர் 4 வரை. மிக்ஜாம் புயல் மழையில் நம் வேளச்சேரி என்ன ஆனது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் கீழ்த்தளத்தில் இடுப்பளவு தண்ணீர், கரண்ட் வந்தது நாலாம் நாள். கீழ்வீட்டு நான்கு குடும்பங்களும் மேலே வந்துவிட்டன, இண்டக்‌ஷன் அடுப்பை நம்பியிருந்த இரண்டு வீடுகள் கையைப் பிசைந்துகொண்டு நின்றன. முதல் நாள் மத்தியானம் எல்லோரும் அவரவர் வீட்டில் இருப்பதைக் கொண்டுவந்து முதல் மாடி வராந்தாவில் வைத்தோம். அப்போது ஒருவரும் ‘இது இல்லையே, அது இல்லையே’ என்று சொல்லவில்லை, ஐந்து மாதப் பழக்கத்தில், இருப்பதில் எது முதலில் கெடும் என்றுதான் பார்த்தார்கள்.

முதலில் கெடுவது மாவு. முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை, பதினோரு வீட்டில் இட்லிக்கு அரைத்து வைத்திருந்தார்கள், ஃபிரிட்ஜ் எல்லாம் செத்துப் போயிருந்தது. அன்று ராத்திரியே இட்லி, செவ்வாய்க்கிழமை ஊத்தப்பம், புதனன்று மூடியைத் திறந்தாலே மூக்கைத் துளைத்தது. அதில் கோதுமை மாவைக் கலந்து, வெங்காயமும் பச்சை மிளகாயும் நறுக்கிப் போட்டு, குழிப்பணியாரச் சட்டியில் ஊற்றினார் மாமி, பிள்ளைகள் அதைத்தான் அதிகம் கேட்டார்கள். சட்னிக்கு மிக்ஸி ஓடாது. மொத்தக் கட்டடத்திலும் ஒரே ஒரு அம்மி, ஏ பிளாக் பாட்டி வீட்டு பால்கனியில் துளசித் தொட்டிக்கு மேடையாக இருந்தது. தொட்டியை இறக்கி, அம்மியைக் கழுவி, வறுத்த பருப்பும் மிளகாயும் புளியும் வைத்துத் துவையல் அரைத்தோம். குழவியைப் பிடிக்கத் தெரிந்தவர் பாட்டி ஒருவர்தான், அவர் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, கல்லூரியில் படிக்கும் இரண்டு பையன்கள் மாற்றி மாற்றி அரைத்தார்கள். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிக்கச் சொன்னால் ஒரு டம்ளரை அப்படியே ஊற்றி வைத்தான் ஒருவன், அன்றைக்கு துவையல் இல்லை, சட்னி.

சம்ப்பில் வெள்ளத் தண்ணீர் கலந்துவிட்டதால் கேன் தண்ணீரை வைத்துத்தான் ஓட்டினோம். அதனால் சோறு வடிக்கவில்லை, அளந்து வைத்தோம், பாசிப்பருப்பைச் சேர்த்துப் போட்டால் ஒரே பாத்திரத்தில் வேலை முடிகிறது, கழுவுவதற்கும் ஒரு பாத்திரம்தான். பால் எங்கேயும் கிடைக்கவில்லை, தூத்துக்குடி அக்கா ஊரிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த கருப்பட்டியில் சுக்குக் காபி போட்டுக் கொடுத்தார். அவர் வீட்டுக் கருவாட்டுக் குழம்புக்காக மூன்றாம் மாடியில் தனி அடுப்பு, தனி வரிசை. அந்த வரிசையில் யார் யார் நின்றார்கள் என்பதை இந்த அறிக்கையில் பதிவு செய்ய வேண்டாம் என்று இரண்டு உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நம் வீட்டுச் சேறு காய்வதற்குள் டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடியும் திருநெல்வேலியும் மூழ்கின. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை. அக்காவின் அண்ணன் குடும்பம் அங்கேதான், இரண்டு நாள் போன் போகவில்லை, அக்கா அந்த இரண்டு நாளும் அடுப்பே பற்றவைக்கவில்லை. சாமான் அனுப்பலாம் என்று பேசியபோது சிலர் வழக்கம்போல மைதா, சாம்பார் பொடி, துவரம் பருப்பு என்று பட்டியல் போட்டார்கள். பதினைந்து நாள் முன்னால் நாமே பட்டிருந்ததால் அது நடக்கவில்லை. துவரம் பருப்பு குக்கர் இல்லாமல் லேசில் வேகாது, கேஸும் தண்ணீரும் வீண், அதனால் பாசிப்பருப்பு. அடுப்பே இல்லாதவருக்கு அவல், வெல்லம், வறுத்த நிலக்கடலை. அவலை நனைத்தால் போதும். அப்புறம் உப்பு, தீப்பெட்டி, மெழுகுவத்தி. நாற்பது மூட்டை கட்டினோம். பெருங்காயம் வைக்கலாமா என்று ஏ பிளாக் சார் கேட்டார், யாரும் சிரிக்கவில்லை, வைத்தோம்.

பிப்ரவரியில் பூண்டு கிலோ 400 ரூபாயைத் தாண்டியது. சரியாக அந்த நேரத்தில் சி பிளாக்கில் ஒரு வீட்டுப் பெண் பிரசவம் முடிந்து வந்திருந்தாள், பத்தியச் சமையலுக்குப் பூண்டு இல்லாமல் முடியாது. வீட்டுக்கு ஐந்து பல் என்று வசூல் செய்து கொடுத்தோம், சந்தா வசூலைவிட இது வேகமாக நடந்தது. மற்றவர்கள் அந்த மாதம் பெருங்காயத்தை வைத்தே ஓட்டினோம். பூண்டு வாசனைக்குப் பக்கத்தில் வரும், ஆனால் ஒரு சிட்டிகை கூடினால் ரசம் மருந்தாகிவிடும்.

சரி, மற்ற விஷயங்கள். மோட்டார் இரண்டு முறை பழுது பார்க்கப்பட்டது. லிஃப்ட் வெள்ளத்துக்குப் பிறகு ஏழு வாரம் ஓடவில்லை, இப்போது ஓடுகிறது. சந்தா பாக்கி உள்ளவர்கள் யார் என்பது நோட்டீஸ் போர்டில் இருக்கிறது. வெள்ளத்தின்போது இரண்டாம் மாடி வீட்டின் சிலிண்டர் முழுவதும் பொதுச் சமையலுக்கே தீர்ந்துவிட்டதால், அதற்கு 918 ரூபாய் 50 காசு சங்கக் கணக்கிலிருந்து கொடுக்கப்பட்டது. பொருளாளர் அதை ‘கட்டடப் பராமரிப்பு’ என்ற தலைப்பில் எழுதியிருக்கிறார், பொதுக்குழு ஆட்சேபிக்காது என்று நம்புகிறேன்.

அம்மி இப்போது மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. அதைத் திரும்பத் துளசித் தொட்டிக்கே கொடுக்க வேண்டும் என்று பாட்டி கேட்கிறார், சங்கத்திலேயே இருக்கட்டும் என்று மற்றவர்கள் கேட்கிறார்கள், பாட்டிக்கு ஒரு சிமெண்ட் மேடை கட்டிக் கொடுக்கலாம் என்பது என் யோசனை. அடுத்த ஞாயிறு தலைவர் வீட்டில் கூடுகிறோம்: கேழ்வரகு மாவு, முருங்கைக்கீரை, சின்ன வெங்காயம், காய்ந்த மிளகாய், தேங்காய். அதற்கு முன்னால் பெருங்காயம் கணக்கில் உண்டா இல்லையா என்பதைத் தலைவர் இன்றைக்கே சொல்லிவிட்டால் நல்லது, ஏ பிளாக் சார் டப்பாவோடுதான் வந்திருக்கிறார்.